அண்டார்க்டிகாவின் நடுவே ஓர் ஏரிக்கரை: டிரான்ஸ்அண்டார்க்டிக் மலைத்தொடர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அண்டார்க்டிகா என்றதும் தட்டையான வெள்ளை வெளிதான் பலருக்கும் கண்முன் வரும். அந்த வெள்ளைக்கு நடுவே சுமார் 3,500 கி.மீ. நீளத்துக்கு ஒரு மலைத்தொடர் ஓடுகிறது, அதன் மடியில் அடியில் மட்டும் வெதுவெதுப்பாக இருக்கும் ஏரி உண்டு, ரத்தச் சிவப்பில் வழியும் அருவி உண்டு என்றால், கேள்விகள் வரிசையாக வரும். திரும்பத் திரும்ப வருபவற்றுக்கு இங்கே பதில். எந்தக் கேள்வியிலிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம். இரண்டாவதை மட்டும் தாண்டிப் போகாதீர்கள், மற்றவற்றில் பாதி அதன்மேல்தான் நிற்கிறது.

இந்த மலைத்தொடர் சரியாக எங்கே இருக்கிறது?

நியூசிலாந்துக்கு நேர் தெற்கே போனால் ராஸ் கடல். அதன் மேற்குக் கரையில், விக்டோரியா லேண்ட் என்ற பகுதியில் மலைத்தொடர் தொடங்குகிறது. கடல்மேல் மிதக்கும் ராஸ் பனித்தட்டின் ஓரத்தை ஒட்டியே தென்துருவத்தின் பக்கமாகப் போய், கண்டத்தின் மறுபுறம் வெட்டல் கடலை ஒட்டிய கோட்ஸ் லேண்டில் முடிகிறது. கிழக்கு அண்டார்க்டிகா, மேற்கு அண்டார்க்டிகா என்று பிரித்துச் சொல்கிறார்களே, அந்தப் பிரிவுக்கோடு இதுதான். மிக உயரமான சிகரம் மவுண்ட் கிர்க்பாட்ரிக், 4,528 மீட்டர்.

இரண்டு குழப்பங்கள் அடிக்கடி வருகின்றன. கண்டத்தின் மிக உயரமான சிகரமான வின்சன் இந்தத் தொடரில் இல்லை, அது எல்ஸ்வொர்த் மலைகளில் இருக்கிறது. புகைந்துகொண்டே இருக்கும் எரிமலை எரிபஸ் பக்கத்தில் உள்ள ராஸ் தீவில் நிற்கிறது. அதுவும் தனி ஆள்தான்.

முதலில் கண்டவர் பிரிட்டிஷ் கடற்படை மாலுமி ஜேம்ஸ் கிளார்க் ராஸ், 1841இல். காந்தத் துருவத்தைத் தேடிப் போனவருக்கு வழியை மறித்து நின்றது இந்த மலை.

மலை பனியைத் தடுத்து வைத்திருக்கிறது என்கிறார்களே, எப்படி?

நம் ஊர் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் நிறைந்த நீர், நடுவில் கரை, மறுபக்கம் தாழ்ந்த வயல். கரையில் அங்கங்கே மதகு.

கிழக்கு அண்டார்க்டிகாதான் அந்த ஏரி. நீருக்குப் பதில் பனி, பல இடங்களில் 3 கி.மீ.க்கும் மேலான தடிமன். பனி கல் போலக் கிடப்பதாகத் தோன்றினாலும், தன் எடையாலேயே மெல்ல நகர்ந்து கடலை நோக்கி வழிகிறது. வழியில் குறுக்கே நிற்கும் கரைதான் டிரான்ஸ்அண்டார்க்டிக் மலைத்தொடர். கரையின் மறுபக்கம் கடல் மட்டத்துக்கு அருகே மிதக்கும் ராஸ் பனித்தட்டு. ஏறத்தாழ பிரான்ஸ் அளவு இருக்கும்.

மதகுகள் என்று சொன்னேனே, அவைதான் மலையைப் பிளந்துகொண்டு இறங்கும் பெரிய பனியாறுகள்: பேர்ட், நிம்ரோட், பியர்ட்மோர், ஷேக்கல்டன், ஆக்சல் ஹைபர்க். துருவத்துக்கு நடந்தவர்களும் இந்த மதகுகள் வழியாகத்தான் மேலே ஏறினார்கள். பிரிட்டிஷ் பயணி ஷேக்கல்டன் 1908இல் ஏறிய பியர்ட்மோர் சுமார் 200 கி.மீ. நீளம். இன்னொரு பிரிட்டிஷ் பயணி ஸ்காட் பிறகு அதே வழியில் போனார். நார்வேயின் அமுண்ட்சென் 1911இல் தேர்ந்தெடுத்த ஆக்சல் ஹைபர்க் குறுகலானது, செங்குத்தானது, ஆனால் குறுக்குவழி.

மதகுக்கு நேரே இருக்கும் இடத்தில் பனி கொட்டும். மதகு இல்லாத இடத்தில்? அங்கேதான் கதை சுவாரஸ்யமாகிறது.

இமயமலை போல இரண்டு கண்டங்கள் மோதி எழுந்ததா?

இல்லை. இமயமலையின் பாறை அடுக்குகள் கசக்கிய துணி மாதிரி மடிந்து கிடக்கும். இங்கே 4,000 மீட்டர் உயரத்தில்கூட அடுக்குகள் ஏறத்தாழக் கிடைமட்டமாகவே இருக்கின்றன. வெளிர் பழுப்பில் ஒரு பட்டை, கறுப்பில் ஒரு பட்டை, மறுபடி பழுப்பு என்று தொலைவிலிருந்தே எண்ணிவிடலாம்.

அடியிலிருந்து வருவோம். சுமார் 50 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே உண்மையிலேயே ஒரு மோதல் மலை இருந்தது. கடல்தளம் கண்டத்துக்கு அடியில் செருகி, பாறைகள் மடிந்து, கிரானைட் குழம்பு ஊடுருவி உருவான மலை. அது பிறகு முழுக்கத் தேய்ந்து மட்டமாகிவிட்டது. அந்தத் தேய்ந்த தளம், மேசையை இழைத்துவிட்டது போல, இன்றும் பாறைச் சரிவுகளில் ஒரு கோடாகத் தெரிகிறது.

அந்த மேசையின்மேல் சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி மணலும் சேறும் படிந்தன. ஆறுகள் கொண்டுவந்தது, பனியாறுகள் அரைத்தது, சதுப்பில் மக்கியது என எல்லாம் சேர்ந்து 2 கி.மீ.க்கும் மேல் ஏறிவிட்டது. இதற்கு பீக்கன் தொகுதி என்று பெயர். பழுப்புப் பட்டைகள் இவைதான்.

கறுப்புப் பட்டைகள் வேறு வழியில் வந்தவை. சுமார் 18.3 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்ட்வானா என்ற பெருங்கண்டம் உடையத் தொடங்கிய நேரம். அடியிலிருந்து எரிகுழம்பு பொங்கி, படிந்திருந்த அடுக்குகளின் இடுக்குகளில் புகுந்தது. புத்தகப் பக்கங்களுக்கு நடுவே பசையைச் செலுத்தினால் பரவுமே, அப்படி. அது உறைந்ததுதான் ஃபெரார் டோலரைட். சில தகடுகள் மட்டுமே 300 மீட்டர் தடிமன். இதே காலத்தில் தென்னாப்பிரிக்காவின் கரூ பகுதியிலும் குழம்பு பொங்கியது. இரண்டும் ஒரே நிகழ்வின் இரு முனைகள்.

சரி, இவ்வளவும் எப்படி மேலே வந்தது? மேற்கு அண்டார்க்டிகா பக்கம் நிலம் இழுபட்டு, மெலிந்து, தாழ்ந்தது. அந்தப் பிளவின் விளிம்பு மேலே தூக்கிக்கொண்டது. பெரிய எழுச்சி சுமார் 5.5 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்தது என்பது பரவலான கணக்கு. எதனால் இவ்வளவு தூக்கியது, அடியிலிருந்த வெப்பமா, விளிம்பின் வளைவா, பனியாறுகள் பாறையைச் சுரண்டி எடுத்ததால் சுமை குறைந்ததா என்று இன்றும் வாதம் நடக்கிறது. எனக்குப் பிடித்த விஷயம், இது விரிசலில் பிறந்த மலை என்பதே. பள்ளிப் பாடத்தில் மலை என்றால் மோதல் என்று படித்துவிட்டு இதைப் பார்க்கும்போது கொஞ்சம் திகைப்பாகத்தான் இருக்கும்.

அங்கே நிலக்கரி இருக்கிறதாமே? பனியில் காடு எப்படி வந்தது?

1908 டிசம்பரில் ஷேக்கல்டனின் குழு பியர்ட்மோர் பனியாற்றின் மேல்முனையில் ஏறிக்கொண்டிருந்தபோது, ஃபிராங்க் வைல்ட் பாறைச் சரிவில் நிலக்கரி அடுக்குகளைக் கண்டார். துருவத்துக்குச் சில நூறு கி.மீ. தூரத்தில் நிலக்கரி! அப்படியானால் ஒருகாலத்தில் அங்கே காடு இருந்திருக்க வேண்டும்.

எந்தக் காடு என்பதற்கான சாட்சி 1912 பிப்ரவரியில் கிடைத்தது. துருவத்தை அடைந்தும், அமுண்ட்சென் முந்திவிட்டதால் தோல்வியோடு திரும்பிக்கொண்டிருந்த ஸ்காட்டின் குழு, பசியும் களைப்பும் வாட்டிய நிலையிலும், அதே பகுதியின் மவுண்ட் பக்லி அடிவாரத்தில் நின்று பாறை மாதிரிகளைச் சேகரித்தது. சுமார் 16 கிலோ. அதைச் சறுக்குவண்டியில் ஏற்றிக் கடைசிவரை இழுத்தார்கள். நவம்பரில் தேடிப் போனவர்கள் கூடாரத்தைக் கண்டபோது, உடல்களோடு அந்தக் கற்களும் இருந்தன. இந்த எடையை வீசியிருந்தால் பிழைத்திருப்பார்களா என்று இன்றும் சிலர் கேட்பதுண்டு. அவர்களை முடித்தது பசியும் குளிரும்தான், 16 கிலோ கல் பெரிய வித்தியாசம் செய்திருக்காது என்பது என் எண்ணம்.

கற்களில் இருந்தது குளோசாப்டெரிஸ் என்ற அழிந்துபோன தாவரத்தின் இலை. நாக்கு வடிவம், நடுவில் நரம்பு. தாவரவியலாளர் சீவார்ட் 1914இல் அதை அறிவித்தார். வங்காளத்தின் ராணிகஞ்ச் நிலக்கரி வயலில் கிடைக்கும் அதே வகை இலை. ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, தென் அமெரிக்காவிலும் உண்டு. இவை எல்லாம் ஒட்டியிருந்த பெருநிலத்துக்கு கோண்ட்வானா என்று பெயர் வந்ததே நம் நாட்டின் கோண்டு மக்கள் வாழும் பகுதியை வைத்துத்தான். நெய்வேலியில் எடுப்பது வேறு: அது பழுப்பு நிலக்கரி, இதைவிட வயதில் மிகவும் இளையது.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். அண்டார்க்டிகா அப்போது பூமத்திய ரேகைப் பக்கம் இருந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை, அப்போதும் துருவத்துக்கு அருகில்தான் இருந்தது. பூமி வெப்பமாக இருந்ததால் காடு நின்றது. கல்லான அடிமரங்கள் வேரோடு நின்ற இடத்திலேயே கிடைத்திருக்கின்றன, ஆண்டு வளையங்கள் தெளிவாகத் தெரிகின்றன. கோடையில் மறையாத சூரியன், குளிர்காலத்தில் மாதக்கணக்கில் இருட்டு, அதற்கேற்ப வளரவும் உதிரவும் கற்றுக்கொண்ட மரங்கள். அப்படி ஒரு காடு இன்று பூமியில் எங்கும் இல்லை.

டைனோசர் கிடைத்ததா?

கிடைத்தது. 1990-91 பருவத்தில் மவுண்ட் கிர்க்பாட்ரிக்கில், சுமார் 4,000 மீட்டர் உயரத்தில், வில்லியம் ஹாமரின் குழு ஒரு ஊனுண்ணி டைனோசரைத் தோண்டி எடுத்தது. தலையில் சீப்பு போன்ற கொண்டை. பெயர் கிரையோலோபோசாரஸ், வயது சுமார் 19 கோடி ஆண்டுகள்.

ஆனால் அறிவியலை அதிகம் உலுக்கியது 1969இல் கோல்சாக் பிளஃப் என்ற இடத்தில் கிடைத்த லிஸ்ட்ரோசாரஸ். பன்றி அளவு, இரண்டு தந்தம், நிலத்தில் வாழும் விலங்கு. தென்னாப்பிரிக்காவிலும் நம் தாமோதர் பள்ளத்தாக்கிலும் கிடைக்கும் அதே விலங்கு. இலை என்றால் விதை காற்றில் போனது, கடலில் மிதந்தது என்று சமாதானம் சொல்லலாம். குட்டைக் கால் விலங்கு சமுத்திரத்தை நீந்திக் கடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. கண்டங்கள் நகரவில்லை என்று பிடிவாதம் பிடித்தவர்கள் இதற்குப் பிறகு அடங்கிப் போனார்கள்.

உலர் பள்ளத்தாக்குகளில் 20 லட்சம் ஆண்டுகளாக மழையே இல்லை என்பது உண்மையா?

வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்த வாக்கியத்தைத் தள்ளி வையுங்கள். மழை என்று சொல்லும்படி ஏதும் இல்லைதான், ஆனால் பனி பெய்கிறது. பள்ளத்தாக்குத் தரையில் அளந்து பார்த்திருக்கிறார்கள். உருக்கினால் ஆண்டுக்கு 3 மி.மீ. முதல் 50 மி.மீ. நீர் வரும். அதுவும் பெரும்பாலும் உருகாமலே மறைந்துவிடுகிறது. அந்துருண்டையை அலமாரியில் வைத்தால் ஈரமே இல்லாமல் காணாமல் போகிறதே, அதே பதங்கமாதல்.

மக்மர்டோ உலர் பள்ளத்தாக்குகள் என்பது இந்த மலைத்தொடருக்குள் இருக்கும் டெய்லர், ரைட், விக்டோரியா என்ற மூன்று பெரிய பள்ளத்தாக்குகளும் அவற்றின் கிளைகளும். அண்டார்க்டிகாவில் பனி மூடாத மிகப் பெரிய நிலப்பரப்பு இது, 4,500 சதுர கி.மீ. அளவு. 1903இல் கிழக்கு அண்டார்க்டிகாவின் மேட்டுநிலப் பனியிலிருந்து இறங்கிவந்த ஸ்காட்டும் இரு தோழர்களும் திடீரென்று சேறும் கல்லும் கிடக்கும் பள்ளத்தாக்கில் நின்றார்கள். உயிருள்ள எதையும் காணாமல், இறந்தவர்களின் பள்ளத்தாக்கு என்று ஸ்காட் எழுதிவைத்தார்.

ஏன் பனி இல்லை? மேலே சொன்ன ஏரிக்கரைதான் காரணம். இந்த இடத்தில் கரை உயர்ந்துவிட்டது. மேட்டுநிலப் பனி எட்டிப் பார்க்கிறது, டெய்லர் பனியாறு போல ஒன்றிரண்டு கசிந்து வந்து பாதியில் நின்றுவிடுகின்றன. உலர் பள்ளத்தாக்கு பனிக்குக் கடைமடை. போதாததற்கு, மேட்டுநிலத்தில் குளிர்ந்து கனத்த காற்று கீழே உருண்டு விழுகிறது. இறங்க இறங்க அழுத்தத்தால் சூடேறி இன்னும் வறண்டு, இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். இந்தக் காற்று மணலை வாரியடித்து இழைத்த கற்களை அங்கே பார்க்கலாம். ஒரு பக்கம் சாணை பிடித்தது போலத் தட்டை, மறுபக்கம் பள்ளம் பள்ளமாகக் குடைந்திருக்கும்.

வழிதவறிக் கடலிலிருந்து பல கி.மீ. உள்ளே வந்துவிட்ட சீல்களும் அங்கே கிடக்கின்றன. அழுக வைக்க ஈரமில்லை, தின்ன ஆளில்லை. காய்ந்த தோலும் பல்லுமாக நூற்றாண்டுக் கணக்கில் அப்படியே கிடக்கும்.

இவ்வளவு வறட்சியில் ஏரிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

கோடையில் சில வாரங்கள் பனியாறுகளின் முகம் லேசாக உருகும். அதுதான் வரத்து. அண்டார்க்டிகாவின் மிக நீளமான ஆறு ஓனிக்ஸ் இப்படித்தான் ஓடுகிறது. 32 கி.மீ. நீளம், ஆண்டில் இரண்டு மாதம்போல ஓட்டம். கடற்கரைப் பக்கத்துப் பனியாற்றில் பிறந்து, கடலுக்கு முதுகைக் காட்டி உள்நாட்டுக்கு ஓடி, வாண்டா ஏரியில் விழுகிறது. ஏரிக்குப் போக்கிடம் கிடையாது. வந்த நீர் ஆவியாகலாம், உப்பு மட்டும் தங்கும்.

வாண்டா ஏரியின் அடியில் 25 டிகிரி வெப்பமாமே? வெந்நீர் ஊற்றா?

முதலில் அப்படித்தான் சந்தேகப்பட்டார்கள். ஏரியின்மேல் 3 முதல் 4 மீட்டர் தடிமனுக்கு நிரந்தரப் பனிக்கட்டி. அதன் கீழ் கருவியை இறக்க இறக்க வெப்பம் ஏறிக்கொண்டே போய், சுமார் 70 மீட்டர் ஆழத்தில் 23 முதல் 25 டிகிரி செல்சியஸைத் தொட்டது. வெளியே ஆண்டுச் சராசரி உறைநிலைக்குச் சுமார் 20 டிகிரி கீழே. எரிமலைச் சூடு அடியிலிருந்து வருகிறது என்று நினைப்பது இயல்புதான்.

விடை மேலே இருந்தது: சூரியன். காற்று பனித்தூளைப் பெருக்கித் தள்ளிவிடுவதால் வாண்டாவின் பனிக்கட்டி கண்ணாடி போல இருக்கும். கோடையில் 24 மணி நேரமும் வெயில். ஒளி பனிக்கட்டியையும் தெளிந்த நீரையும் ஊடுருவி அடிவரை போய்ச் சூடாக்குகிறது. சாதாரண நீரில் சூடான நீர் மேலே வந்துவிடும், சூடும் வெளியேறிவிடும். பாலைக் காய்ச்சும்போது பார்க்கிறோமே. இங்கே அடிநீர் கடல்நீரைவிடப் பலமடங்கு உப்பு. உப்பு நீர் கனமானது, சூடானாலும் மேலே வர முடியாது. உள்ளே புகுந்த சூடு வெளியேற வழியில்லாமல் ஆண்டுக்காண்டு சேர்ந்தது.

அந்த உப்பு எப்படி வந்தது? சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஏரி கிட்டத்தட்ட வற்றி, குட்டையளவு உப்புக் குழம்பாக நின்றது. பிறகு வரத்து கூடி, நன்னீர் வந்து மேலே படுத்துக்கொண்டது. இரண்டும் கலக்கவில்லை. காற்று கலக்கலாம் என்றால் மேலே பனி மூடி. ஆக, சோழர் காலத்தை ஒட்டிய ஒரு வறட்சியின் மிச்சம் இன்னும் அடியில் அப்படியே நிற்கிறது.

நியூசிலாந்து 1968இல் ஏரிக்கரையில் ஒரு சிறு ஆய்வுக்குடில் கட்டியது. கோடையில் கரையோரம் சற்று உருகும் நீரில் முங்கி எழுவோருக்கு என்று வாண்டா நீச்சல் சங்கம்கூட இருந்தது. அடியில் 25 டிகிரி என்ற நம்பிக்கையில் யாரும் குதித்துவிடக் கூடாது, மேல்நீர் உறைநிலைதான். 1990களில் ஏரி மட்டம் உயர்ந்து குடிலை நெருங்கியதால், அதைப் பிரித்து எடுத்துப் போய்விட்டார்கள்.

குளிர்காலத்திலும் உறையாத குளம் உண்டா?

டான் ஹுவான் குளம், ரைட் பள்ளத்தாக்கின் மேல்கோடியில். காதல் கதை ஏதுமில்லை, 1961இல் அதைக் கண்ட இரண்டு ஹெலிகாப்டர் விமானிகளின் பெயர்களைச் சேர்த்து வைத்தது. கணுக்கால் நனையும் அளவு ஆழம்தான். நீரில் 40 சதவீதத்துக்கும் மேல் உப்பு, பெரும்பாலும் கால்சியம் குளோரைடு. உறைய வேண்டுமானால் சுமார் மைனஸ் 50 டிகிரி வேண்டும். குல்ஃபி வண்டிக்காரர் பானையைச் சுற்றி ஐஸில் உப்பைப் போடுவது இதே சூத்திரம்தான்.

கால்சியம் குளோரைடுக்கு இன்னொரு குணம்: காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடி கசிகிறதே, அதைவிடப் பலமடங்கு வேகமாக. சுற்றியுள்ள உப்பு மண் இப்படிக் காற்றின் ஈரத்தைப் பிடித்துக் குளத்துக்கு அனுப்புகிறது என்று ஒரு விளக்கம் உண்டு, நிலத்தடி நீர்தான் காரணம் என்று இன்னொரு விளக்கமும் உண்டு. செவ்வாய்க் கிரகத்தை ஆராய்பவர்கள் இந்த முழங்காலளவுகூட வராத குளத்தை விடாமல் சுற்றுவதற்குக் காரணம் இதுதான்.

ரத்த அருவியில் வழிவது என்ன?

இரும்பு. டெய்லர் பனியாற்றின் முகத்தில், போனி ஏரிக்கு மேலே, வெள்ளைப் பனியில் துருப்பிடித்த சிவப்பில் ஒரு வழிசல். 1911இல் கண்ட கிரிஃபித் டெய்லர் சிவப்புப் பாசி என்று நினைத்தார். உண்மையில் பனியாற்றுக்கு அடியில் சிறைப்பட்ட பழைய உப்புநீர் கசிகிறது. வெளியே வரும்போது அதற்கு நிறமில்லை. காற்றுப் பட்டதும் அதிலுள்ள இரும்பு துருவேறிச் சிவக்கிறது. பூட்டிக் கிடந்த வீட்டுக் குழாயைத் திறந்தால் முதலில் வரும் நீர் ஞாபகம் வரும்.

அந்த நீரில் உயிர் இருக்கிறது என்பதுதான் பெரிய செய்தி. வெளிச்சமும் ஆக்சிஜனும் இல்லாத இடத்தில், கந்தக உப்பையும் இரும்பையும் வைத்துக் காலம் தள்ளும் நுண்ணுயிர்கள் என்று 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. சுமார் 15 லட்சம் ஆண்டுகளாக அவை வெளியுலகைப் பார்த்ததில்லை என்பது அந்த ஆய்வாளர்களின் கணக்கு.

இந்த ஏரிகளில் மீன் உண்டா?

இல்லை. மீன், பூச்சி, நீர்ச்செடி எதுவுமே இல்லை. ஆனால் ஹோர், ஃபிரிக்செல் ஏரிகளின் தரையில் நுண்ணுயிர்ப் பாய்கள் விரிந்திருக்கின்றன, பச்சை, ஊதா, ஆரஞ்சு நிறங்களில். ஆய்வாளர்கள் சூடான திரவம் ஓடும் செம்புச் சுருளைப் பனிக்கட்டியின்மேல் வைத்து, ஆள் நுழையும் துளையை உருக்கி, அதன் வழியே முங்கிப் போய்ப் பார்க்கிறார்கள்.

அங்கே ஒரு வேடிக்கை நடக்கிறது. பாயில் வாயுக் குமிழ் சேர்ந்தால் ஒரு துண்டு பிய்த்துக்கொண்டு மிதந்து, மேலேயுள்ள பனிக்கட்டியின் அடிப்பக்கம் ஒட்டிக்கொள்ளும். ஏரிப் பனிக்கட்டி மேற்பக்கம் பதங்கமாகித் தேய்கிறது, அடிப்பக்கம் புதிதாக உறைகிறது. ஆக ஒட்டிய துண்டு ஆண்டுக்கு ஆண்டு மேலே ஏறிவந்து, ஒருநாள் வெளியே தலைகாட்டும். காற்று அதைக் காய்ந்த சருகாக அடித்துப் போய் வேறெங்கோ போடும். அடியில் பிறந்தது மேலே வர லிஃப்ட் வைத்தது மாதிரி!

மண்ணில் ஆட்சி செய்வது கண்ணுக்குத் தெரியாத நூற்புழு. நம் காட்டில் புலிக்குள்ள இடம் அங்கே கிட்டத்தட்ட அதற்கு. குளிர்காலத்தில் உடலின் நீரை விட்டுவிட்டுச் சுருண்டு கிடந்து, ஈரம் வந்ததும் எழுந்துகொள்ளும். இதையும் மிஞ்சியது கல்லுக்குள் வாழும் லைக்கன், பாசியும் பூஞ்சையும் கூடி வாழும் உயிர். பீக்கன் மணற்கல்லை உடைத்தால், மேற்பரப்புக்குச் சில மில்லிமீட்டர் கீழே கறுப்பு, வெள்ளை, பச்சை என மெல்லிய கோடுகள் தெரியும். மணல்மணிகள் ஒளியை உள்ளே விடும், வீசியடிக்கும் காற்றைத் தடுக்கும். இம்ரே ஃபிரீட்மன் என்ற உயிரியலாளர் 1970களில் இதைக் கண்டறிந்தார். இறந்தவர்களின் பள்ளத்தாக்கு என்று ஸ்காட் எழுதியபோது, அவர் மிதித்து நடந்த கற்களுக்குள்ளேயே குடியிருந்திருக்கிறார்கள்.

விண்கற்கள் ஏன் அங்கே குவிந்து கிடக்கின்றன?

அங்கே மட்டும் அதிகமாக விழுவதில்லை, விழுந்தவை ஓரிடத்தில் ஒதுங்குகின்றன. மேட்டுநிலத்தில் எங்கோ விழுந்த கல் பனியில் புதைந்து, பனியோடு மெல்ல நகர்கிறது. மலை குறுக்கே வந்ததும் பனி நின்றுவிடும். காற்று மேல்பனியைத் தேய்க்கத் தேய்க்க, அடியிலிருந்து பழைய பனி வெளிப்படும், கற்களும் வெளிப்படும். ஏரிக்கரையில் செத்தை ஒதுங்குவது போலத்தான். அழுத்தத்தில் காற்றுக்குமிழ் நசுங்கிப்போன அந்தப் பழைய பனி நீல நிறத்தில் இருக்கும். நீலத்தின்மேல் கறுப்புக் கல் கிடந்தால் தூரத்திலிருந்தே தெரியும்.

அமெரிக்கக் குழு 1976 முதல் இந்தத் தொடரை ஒட்டித் தேடி, 20,000க்கும் மேல் எடுத்திருக்கிறது. ஆலன் ஹில்ஸில் கிடைத்த ஒன்றுதான் நிலவிலிருந்து வந்தது என்று முதன்முதலில் உறுதியான விண்கல். அதே இடத்தில் 1984இல் கிடைத்த ஏஎல்எச் 84001, செவ்வாயிலிருந்து வந்தது, 2 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதில் பழைய உயிரின் தடயம் இருக்கிறது என்று 1996இல் வந்த அறிவிப்பு உலகச் செய்தியானது. பெரும்பாலான அறிவியலாளர்கள் இன்று அதை ஏற்பதில்லை.

இந்தப் பனியாறுகள் வேகமாக உருகிக்கொண்டிருக்கின்றனவா?

மேற்கு அண்டார்க்டிகாவின் நிலைமை மோசம். இந்தத் தொடரின் பனியாறுகள் அந்த அளவுக்கு இல்லை, இதுவரை. ஆனால் அசையாதவை என்று நினைத்துவிடவும் வேண்டாம். பேர்ட் பனியாறு ஆண்டுக்குச் சுமார் 800 மீட்டர் நகர்கிறது. 2005 இறுதியிலிருந்து 2007 தொடக்கம் வரை அதன் வேகம் 10 சதவீதம் கூடியது. செயற்கைக்கோள் தரவைப் பார்த்தபோது காரணம் தெரிந்தது: சுமார் 200 கி.மீ. மேலே, பனிக்கு அடியில் மறைந்திருந்த ஏரிகள் உடைத்துக்கொண்டு, நீர் பனியாற்றின் அடியில் ஓடி வழுக்கலாக்கியிருக்கிறது. வெள்ளம் வடிந்ததும் வேகமும் பழைய நிலைக்கு வந்தது.

பழங்காலத்தில் இதைவிடப் பெரிய வெள்ளங்கள் நடந்திருக்கின்றன. ரைட் பள்ளத்தாக்கின் மேல்முனையில் லாபிரிந்த் என்ற இடம் உண்டு. கெட்டியான டோலரைட் பாறையில் 250 மீட்டர் ஆழம் வரை வெட்டிய கால்வாய்கள், சிக்கலான வலை போல. சுமார் 1.2 முதல் 1.4 கோடி ஆண்டுகளுக்கு முன் பனிக்கடியில் பாய்ந்த வெள்ளம் கடைசியாக அறுத்தது அது.

நிலக்கரியை வெட்டி எடுக்கலாமா? இந்திய நிலையம் அங்கே உள்ளதா?

வெட்ட முடியாது. 1991இல் கையெழுத்தாகி 1998இல் நடைமுறைக்கு வந்த மாட்ரிட் ஒப்பந்தம் சுரங்கத் தொழிலைத் தடை செய்கிறது. இந்தியாவின் மைத்ரி, பாரதி இரண்டும் கிழக்கு அண்டார்க்டிகாவில் இருக்கின்றன, இங்கிருந்து வெகுதூரம். இந்தத் தொடருக்கான ஆய்வுகள் பெரும்பாலும் ராஸ் தீவில் உள்ள அமெரிக்க, நியூசிலாந்து நிலையங்களிலிருந்து நடக்கின்றன.

சுற்றுலா போகலாமா?

ராஸ் கடல் வரை போகும் சில கப்பல்களிலிருந்து ஹெலிகாப்டரில் டெய்லர் பள்ளத்தாக்கின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் இறங்க அனுமதி உண்டு. செலவைக் கேட்டால் ஆசை போய்விடும். அங்கே முகாமிடும் ஆய்வாளர்கள் சிறுநீரைக்கூடப் புட்டியில் பிடித்துத் திரும்பக் கொண்டுபோக வேண்டும் என்பது விதி. அந்த மண்ணில் சிந்தியது தானாகப் போகாது.

பனிக்கு அடியிலும் ஏரிகள் உண்டு என்றீர்களே, அங்கே யாராவது இறங்கிப் பார்த்தார்களா?

அண்டார்க்டிகா முழுக்க அப்படி 400க்கும் மேற்பட்ட ஏரிகளைக் கண்டிருக்கிறார்கள். பூமியின் உள்வெப்பமும் மேலேயுள்ள பனியின் எடையும் சேர்ந்து அடிப்பனியை உருக்கிவிடுகின்றன. மலைத்தொடருக்கு மேற்கே, ராஸ் பனித்தட்டை நோக்கி நகரும் பனியின் அடியில் மெர்சர் என்று ஒரு ஏரி. 2018 டிசம்பர் இறுதியில் ஆய்வாளர்கள் வெந்நீரைப் பீய்ச்சி, ஒரு கி.மீ.க்கும் அதிகமான பனியைத் துளைத்து அதை எட்டினார்கள். நுண்ணுயிர் இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள், இருந்தது.

எதிர்பாராதது சேற்றில் கிடைத்தது. கசகசா அளவுகூடத் தேறாத ஓட்டுடலிகளின் செத்த உடல்கள், நீர்க்கரடி என்ற எட்டுக் காலுள்ள நுண்ணிய உயிர் ஒன்று. ஏரியிலேயே வாழ்ந்தவை என்று தோன்றவில்லை. டிரான்ஸ்அண்டார்க்டிக் மலைகளில், சற்று வெப்பமான ஏதோ ஒரு காலத்தில், குட்டைகளிலும் ஓடைகளிலும் வாழ்ந்தவை என்றே ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். பனி தன்னோடு உறையவைத்து இழுத்து வந்ததா, பனிக்கடியில் ஓடிய ஆறு அடித்து வந்ததா என்பதுதான் இன்னும் பாக்கியிருக்கும் கேள்வி.